நடுச்சந்தில் கொட்டிய பனி

அக்டோபர் 9, புதன்

மழை விடவில்லை. மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்றதில் கால் வீங்கிப்போய் வீடு வந்தேன். லென்னி சமையலறை மேசையில் ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறான். குடியிருக்க ஏற்ற நடுத்தர நகரங்கள் என்று எவனோ வேலையற்றவன் வரிசைப்படுத்தியிருக்கிறான். அதில் எங்கள் சிரக்யூஸும் உண்டாம்.

"பாத்தியா? நம்ம ஊரு பேரு வந்துருக்கு."

"எத்தனாவது?"

"அது எதுக்கு உனக்கு? வந்துருக்குல்ல."

வாங்கிப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

சாப்பிடும்போது பழைய சண்டை மறுபடி. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மகள் தெற்கே ஷார்லட்டில் இருக்கிறாள், பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், நாம் இரண்டு பேரும் இங்கே யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்? வருடத்தில் பாதி பனி. மிச்சப் பாதி ரோடு போடுகிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள். என் முழங்காலுக்கு இந்தக் குளிர் ஆகவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அவன் பதிலும் ஒன்றே. "அங்க போனா உனக்கு யாரு பனி அள்ளிப் போடுவா?"

"அங்க பனியே பெய்யாது, லென்னி."

"அதத்தான் சொல்றேன். பனியே இல்லாத ஊர்ல பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு உன் வாசலுக்கு வரப்போறான்?"

வேலைக்காலம் முழுக்க நகராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டியவனிடம் என்ன பேசுவது? பத்திரிகைப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான்.

அக்டோபர் 19, சனி

பக்கத்து வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வயதான மர்ஃபி போனதிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடந்தது. கோடையில் ஒரு கான்ட்ராக்டர் வாங்கினான். புகைபோக்கியை அடைத்து, புது ஹீட்டர் வைத்து, எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறம் பூசி, இப்போது இரண்டு மடங்கு விலை சொல்கிறான்.

வந்தது ஒரு சின்னஞ்சிறு குடும்பம். எலியாஸ், மாரிசோல், அவர்கள் பெண் பலோமா. ஏழு வயது இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. ஃபீனிக்ஸிலிருந்து வருகிறார்கள். அந்த ஊரில் இப்போது வீட்டு விலையைக் கேட்டாலே மயக்கம் வருமாம். எலியாஸுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். மாரிசோலுக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது.

வேலியோரம் நின்று எலியாஸ் லென்னியைக் கேட்டுவிட்டான். "சார், உண்மையச் சொல்லுங்க. இந்த ஊர்ல குடியிருக்கலாமா?"

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டான்! ஏரி, ஆப்பிள் தோட்டம், கோடையில் உப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பஸ்ஸே ஏறாமல் நடந்து போகிற பள்ளிக்கூடம் என்று லென்னி ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. குளிரில் மாரிசோல் கைகளை இரண்டு கக்கத்திலும் செருகிக்கொண்டு நின்றாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

நானே கிளம்பத் துடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், "குளிரு கொஞ்சம் ஜாஸ்தி. ஆளுங்க நல்லவங்க" என்று வந்துவிட்டது. பொய் இல்லையே அது.

நவம்பர் 10, ஞாயிறு

வந்துவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கோட்டுகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, மழைக்குக்கூடத் தாங்காது. வீட்டில் ஒரு பனிவாரி கிடையாது. "பனிய எதுல தள்ளுவீங்க?" என்று லென்னி கேட்டதற்கு எலியாஸ், "தொடப்பம் இருக்கு சார்" என்றானாம். லென்னி இதையே தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி கூறும் நாள் விருந்து. மகள் கெய்ட்லின் வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். வான்கோழியை இரண்டு பேர் எப்படித் தின்பது? பக்கத்து வீட்டு மூவரையும் கூப்பிட்டோம். மாரிசோல் சிவப்பு மிளகாய்க் குழம்பு ஒன்று கொண்டுவந்தாள், லென்னி மூக்கைச் சிந்திக்கொண்டே மூன்று முறை போட்டுக்கொண்டான்.

எலியாஸ் நல்ல பையன். பேசும்போது இரண்டு கையாலும் பேசுகிறான். "ஃபீனிக்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரன் பேரு எனக்குத் தெரியாது. ஒம்பது வருஷம்! காரை உள்ள விட்டா ஷட்டர் எறங்கிடும், அவ்வளவுதான். இங்க வந்த மொத வாரத்துலயே எனக்கு ஆறு பேரோட மூட்டுவலி தெரியும்."

லென்னி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேட்டுக்கோ என்பதுபோல்.

பலோமா என் மடியில் ஏறி உட்கார்ந்து என் கம்மலைத் திருகிக்கொண்டே இருந்தாள். மிஸ் நோரீன், மிஸ் நோரீன் என்று வாய் ஓயவில்லை. பேரன் நினைவு வந்தது. அவனுக்கு என் முகம்கூட போனில்தான் தெரியும்.

டிசம்பர் 14, சனி

எடை ஏறிவிட்டது. மாரிசோலின் குழம்பு.

ஜனவரி 21, செவ்வாய்

சரியான பனி. ஏரியிலிருந்து எழும்பி நேரே எங்கள் தலையில் வந்து கொட்டுகிறது. பள்ளிக்கூடங்கள் லீவு. மருந்துக்கடையும் இன்று இல்லை. மருத்துவமனைக்கு லீவு ஏது, மாரிசோல் போயாக வேண்டும்.

லென்னி விடியும்போதே பனியை வீசும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலை முடித்துவிட்டுக் காபி குடிக்க உள்ளே வந்தான். "அந்தப் பொண்ணு எப்பிடி வண்டிய எடுக்கும்? அவங்க பக்கமும் தள்ளி விட்டுட்டு வந்து குடி" என்று நான்தான் விரட்டினேன். சலிக்காமல் போனான். எதிர்க்காற்று, அந்தப் பக்கம் வீசினால் முகத்திலேயே அடிக்கும் என்று இரண்டு வீட்டுக்கும் நடுச்சந்தில் போட்டான். மர்ஃபி இருந்த காலத்திலிருந்து அங்கேதான் போடுவது. மாரிசோல் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

பலோமா இங்கே இருக்கிறாள். அப்பாவுக்குக் கீழ்த்தளத்தில் மீட்டிங்காம், சத்தம் போடக்கூடாதாம். பிஸ்கட் செய்கிறோம். மாவு என் தலையில், நாய் மேல், கூரையில். இரண்டாவது தட்டு அடுப்பில் இருக்கிறது, அதற்குள் இதை எழுதுகிறேன். வெளியே இன்னும் கொட்டுகிறது. இப்படிப்பட்ட நாளில் மட்டும் இந்த ஊர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அதை லென்னியிடம் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

எலியாஸ் இறந்துவிட்டான்.

ஜனவரி 25, சனி

எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிவாக்கில் பலோமாவை லென்னி கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் ஓடி வந்தாள். "மிஸ்டர் லென்னி ஒரு பிஸ்கட் மறந்துட்டாராம், வாங்கிட்டு வரச் சொன்னாரு." அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அவன் பிஸ்கட்டே தின்ன மாட்டான், சர்க்கரை.

எலியாஸ் கீழ்த்தளத்தில் மேசை மேல் தலை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தானாம். கம்ப்யூட்டரில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்களாம். லென்னி அவனை மாடிப்படி வழியாக இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து பனியில் கிடத்தியிருக்கிறான். முதுகு பிடித்துக்கொண்டது, இன்னும் நிமிர முடியவில்லை.

புகை. கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்கும் தெரியாது, நாற்றமும் இல்லை. புது ஹீட்டரின் புகைக்குழாயைக் கான்ட்ராக்டர் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்துக்கு விட்டிருக்கிறான். பழைய வீடுகளுக்கெல்லாம் மேலே புகைபோக்கி. அங்கே ஒரு குழாய் இருக்கும் என்று யார் கண்டார்கள்? அதைப் பனி மூடிவிட்டது. வெளியே போக வேண்டியது உள்ளே திரும்பிவிட்டது.

தீயணைப்புக்காரர் வந்து பார்த்தார். "பனியக் காத்து அடிச்சிச் சேத்துடுது. வருஷா வருஷம் எங்கயாவது நடக்கறதுதான்" என்றார். அந்தப் புகை வந்தால் கத்துகிற அலாரம் சமையலறை இழுப்பறையில் கிடந்ததாம், பேட்டரி தனியாக. முந்தின வாரம் பேட்டரி தீர்ந்து பீப் பீப் என்று கத்தியிருக்கிறது, புதுசு வாங்கிப் போடலாம் என்று எலியாஸ் கழற்றி வைத்திருக்கிறான்.

காற்று அடித்துச் சேர்த்ததாம்.

எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. தீயணைப்பு ஆட்கள் தோண்டிய குழி சந்தில் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போய் வந்ததும் லென்னி கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீ பாத்தியா?" என்றான்.

"எதை?"

"வெளையாடாத நோரீன்."

"பாத்தேன்."

விரட்டினது நான். எந்திரிச்சிப் போடா, காபி அப்புறம் குடிக்கலாம்னு விரட்டினது நான். அய்யோ, சும்மா இருந்திருக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு வண்டி எடுக்காம ஒருநா லீவு போட்டா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

பிப்ரவரி 4, செவ்வாய்

தெருவே சமைத்துக் கொட்டுகிறது. மாரிசோல் வீட்டு வாசலில் லசான்யா தட்டுகள் அடுக்காக. வெளியே பனியில் வைத்தால் ஃபிரிட்ஜே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைத்து உதவி திரட்டுகிறார்கள். ஃபீனிக்ஸிலிருந்து எலியாஸின் அம்மா வந்து, அழுது, காலில் பனிப்புண்ணோடு திரும்பிப் போனாள்.

லென்னிக்கு ஊரில் ஏக மரியாதை. எலியாஸை வெளியே இழுத்துக்கொண்டு வந்தவன் என்று. காபிக் கடையில் யாரோ காசு வாங்க மறுத்துவிட்டார்களாம்.

அங்கேதான் இதையும் பேசுகிறார்கள். "பாலைவனத்து ஆளு, பாவம். அலாரத்தக் கழட்டலாமா யாராச்சும்? நம்ம ஊரு ஆளா இருந்தா செய்வானா?" பக்கத்தில் நின்றேன். லென்னி காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரையே போடாத காபி.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கண்ணை மூடினால் பலோமா மாவுக் கையோடு நிற்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

"ஷார்லட்டுக்குப் போயிடலாம்" என்றான் லென்னி. இன்று, சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை வருடமாகக் கேட்டேன் இதை!

"உன் முட்டிக்கு இந்தக் குளிரு ஆகாது. வரியும் ஏறிக்கிட்டே போவுது. பேரன் வளந்துடுவான், அப்புறம் போயி என்ன பண்றது? ஊரு முந்தி மாதிரி இல்ல நோரீன்."

என் வசனங்கள். ஒன்று விடாமல் ஒப்பிக்கிறான். நான் சொன்னபோதெல்லாம் காதிலேயே விழவில்லை என்று நினைத்திருந்தேன்.

"மாரிசோல்கிட்ட சொல்லிட்டுப் போலாம்" என்றேன்.

"சொன்னா? எலியாஸ் எந்திரிச்சி வந்துடுவானா?"

"அவங்க எல்லாம் எலியாஸக் குத்தம் சொல்றாங்க, லென்னி."

"நான் சொல்லலையே."

"நீ மறுக்கவும் இல்ல."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். கெய்ட்லினை போனில் கூப்பிட்டு, வீட்டை விற்கலாம் என்றிருக்கிறோம் என்று அவனே சொன்னான். அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். நான் போனை வாங்கவில்லை.

மார்ச் 1, சனி

வாசலில் பனி தள்ளப் போகும்போது லென்னி இப்போது கைவாரியைத்தான் எடுக்கிறான். இயந்திரத்தைப் பின்கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். யாராவது கேட்டால் பெல்ட் அறுந்துவிட்டது என்கிறான். இதற்கும் ஒரு பொய்.

மார்ச் 14, வெள்ளி

தவக்கால வெள்ளி, தேவாலயக் கூடத்தில் பொரித்த மீன். மாரிசோலையும் குழந்தையையும் கூட்டிப்போனோம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவர்களை முன்னால் விட்டார்கள். பலோமா ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள், எல்லோருடைய தட்டிலிருந்தும் ஒரு உருளைக்கிழங்கு வறுவல்.

எலியாஸ் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டம் சின்னது, மண் உறைந்துவிட்டால் தோண்ட மாட்டார்கள். குளிர்காலத்தில் போனவர்களை எல்லாம் கல்லறை மண்டபத்தில் வைத்திருந்து ஏப்ரல் கடைசியில்தான் அடக்கம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அது வினோதமாகப் பட்டதில்லை. மாரிசோலின் முகத்தில் பார்த்தபோதுதான் பட்டது. அவன் உடம்பு அந்த மண்டபத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, இவள் இங்கே மீன் சாப்பிடுகிறாள்.

மீனைத் தொடாமல் அவள் சொன்னாள்: "அவங்கம்மா ஃபீனிக்ஸுக்குக் கொண்டு வரச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. அங்க யாரு இருக்கா எங்களுக்கு? இங்க பாருங்க, இத்தனை பேரு. நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா அந்த வாரம் நான் செத்தே போயிருப்பேன். இங்கயே வச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நாங்களும் இங்கயே இருந்துடறோம்."

லென்னியின் கையை மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். அவன் கையை உருவவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 15, சனி

சொல்லியாக வேண்டும். மண் இளகி அவனைப் புதைப்பதற்குள்.

இந்த ஊரிலேயே இருந்துவிடுவது என்கிறாள். எதை நம்பி முடிவு செய்கிறாள்? எங்களை. எங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, அவள் புருஷனை எங்கள் மண்ணில் புதைக்க விடுவதா?

மார்ச் 30, ஞாயிறு

கத்தினேன் இன்று. நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்!"

"சொல்லு! போயி சொல்லு! மொத்த ஊரும் என்னக் கொலகாரன்னு பாக்கட்டும். இந்தத் தெருவுல நான் அள்ளாத வாசல் ஒண்ணு இருக்கா? ஒண்ணு காட்டு! இத்தன வருஷம் அள்ளினது எல்லாம் போச்சா?"

"அதுக்காகத்தான் சொல்லச் சொல்றேன்."

அழுதான். கெய்ட்லின் பிறந்தபோது அழுதான், அதற்கப்புறம் இன்றுதான் பார்க்கிறேன். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது. அப்புறம் போய் அருகில் உட்கார்ந்தேன். "வெரட்டினது நானு. ரெண்டு பேருமாப் போலாம்" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போனோம்.

பலோமா ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தாள். மாரிசோல் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காருங்க என்றாள். லென்னி உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான்.

"அந்தப் பனிய நான்தாம்மா அங்க போட்டேன். காத்து இல்ல. மிஷின்ல அள்ளி சந்துல போட்டேன். எப்பவும் போடற எடம். கொழா இருக்கறத நான் பாக்கல."

"நான்தான் அவர அனுப்பினேன்" என்றேன் நான்.

அவள் கை நிற்கவில்லை. குழந்தையின் சட்டை ஒன்றை மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"நான் பாத்தேன்" என்றாள்.

லென்னி என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கி மாடி ஜன்னல்லேந்து பாத்தேன். பனி வெள்ளையா வளைஞ்சி போயி சுவத்தோரமா விழுந்திச்சி. அழகா இருக்குன்னு எலியாஸக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு பேரும் நின்னு பாத்தோம். 'எவ்ளோ நல்லவங்க பாரு'ன்னான்."

அடுத்த துணியை எடுத்தாள். மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"தீயணைப்புக்காரரு காத்துன்னாரு. எனக்குப் பனி தெரியாது. ஒருவேளை காத்துதானோ என்னவோ. ஆனா உங்களுக்குத் தெரியும்ல? நீங்க போட்டதா இருந்தா வந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். தெனம் நெனச்சேன். நீங்க வந்தீங்க, சூப்பு கொண்டு வந்தீங்க, பலோமாவுக்கு பூட்ஸ் வாங்கிட்டு வந்தீங்க. சொல்லவே இல்ல. சரி, அப்ப காத்துதான்னு நம்பினேன். நம்பித்தானே இங்கயே வச்சிடலாம்னு சொன்னேன்?"

"மாரிசோல்…" என்றேன்.

"ஊரே அவன் அலாரத்தக் கழட்டினான்னு பேசிச்சி. எனக்கும் காதுல விழுந்திச்சி. நானும் அவன் மேல கோவப்பட்டேன், தெரியுமா? செத்துப்போன ஆளு மேல. ஏண்டா கழட்டினன்னு தெனம் அவன் படத்துகிட்ட சண்ட போட்டேன்."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. லென்னி, போலீசிடம் போய்ச் சொல்கிறேன், எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்று ஏதேதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

"பனி யாரு வேணாலும் போட்டிருப்பாங்க. அது எனக்குப் புரியுது. மொத வாரமே வந்து சொல்லிருந்தீங்கன்னா கத்திருப்பேன். உங்கள அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பேன். ஆனா இருந்திருப்பேன், மிஸ்டர் லென்னி. இங்கயே இருந்திருப்பேன்."

பிறகு, பலோமாவைக் கூப்பிடப் போக நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வாசல் வரைக்கும் வந்தாள்.

ஏப்ரல் 7, திங்கள்

லென்னி காபிக் கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தான். எலியாஸ் மேல் தப்பில்லை, பனியைப் போட்டது நான் என்று. எல்லோரும் காபியைக் குடித்துக்கொண்டே இருந்தார்களாம். ஒருவன் மட்டும், "விடு லென்னி, யாருக்கும் நடக்கும்" என்றானாம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

எலியாஸை ஃபீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கறுப்பு வண்டி கல்லறைத் தோட்டத்திலிருந்து விமான நிலையம் போனது. எங்களைக் கூப்பிடவில்லை. பெரிய ரோட்டோரம் நின்று பார்த்தோம்.

மே 18, ஞாயிறு

வேலியோரமாக பலோமா நின்று, "மிஸ் நோரீன், நீங்க ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்றாள். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். ஓடிவிட்டாள். புதுப் பல் ஒன்று முளைத்திருக்கிறது.

ஜூன் 28, சனி

லாரி வந்தது. மாரிசோலும் பலோமாவும் பள்ளி ஆண்டு முடியும் வரை காத்திருந்து கிளம்புகிறார்கள். லென்னி காலையிலேயே எங்கோ போய்விட்டான், அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது, திரையை விலக்கினேன். மாரிசோல் நிமிர்ந்து பார்த்தாள். கை ஆட்டவில்லை. ஆனால் உடனே திரும்பியும் கொள்ளவில்லை.

விற்கும் வரை வீடு பூட்டித்தான் கிடக்கும் என்கிறார்கள். வாசலில் விற்பனைப் பலகை.

செப்டம்பர் 13, சனி

எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வரவேண்டிய நாள் இன்று. காலையில் லென்னி தரகரை போனில் அழைத்து, வேண்டாம், விற்கவில்லை என்று சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கெய்ட்லின் கோபத்தில் போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 29, சனி

முதல் பெரிய பனி.

தெருவில் அவரவர் வாசல் பனியை அவரவர் தள்ளினார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எல்லைக் கோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்கள். முன்பெல்லாம் இந்நேரம் தெரு முழுக்கக் கத்தலும் சிரிப்புமாக இருக்கும்.

லென்னி எங்கள் வாசலைக் கைவாரியால் முடித்தான். முடித்துவிட்டு நடுச்சந்துக்குள் போனான். பனி இடுப்பு வரைக்கும். பக்கத்து வீட்டுச் சுவரோரம் குனிந்து குழாயைச் சுற்றித் தோண்டினான், அப்புறம் வாரியைப் போட்டுவிட்டுக் கையுறையாலேயே துடைத்தான். அந்த வீட்டில் ஆள் இல்லை. குழாய்த் தண்ணீரை வடித்து, ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் பூட்டினார்கள், அது அவனுக்கும் தெரியும். நான் ஜன்னலைத் திறந்து கூப்பிடப் போனேன். கூப்பிடவில்லை.

அவன் உள்ளே வரும்போது போன் அடித்தது, கெய்ட்லின். கிறிஸ்துமஸுக்காவது வருவீர்களா, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்றாள். நான் லென்னியைப் பார்த்தேன். வாசல் மிதியடியில் நின்று தோளிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கிறிஸ்துமஸுக்கும் பெய்யுமே" என்றான். "நான் இங்க இருக்கணும்னு சொல்லு."